கரை எது? டோர்வல் ஏரிக்கரையும் நகரத் திட்டமிடலும் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

டோர்வலில் ஏரியைப் பார்ப்பதற்கு இடம் தேடவேண்டும். சென் லூயி ஏரியின் கரையிலேயே நீண்டு கிடக்கும் நகரம் இது. வரைபடத்தில் இதன் தெற்கு எல்லை முழுவதும் நீர்தான். ஆனால் ஏரிக்கரை வீதி வழியே நடந்து போகிற ஒருவருக்கு முதலில் தெரிவது வேலி, வேலிக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு கீற்று நீர். மிலேனியம் பூங்கா, பைன் பீச் பூங்கா, நகர அரும்பொருட் காட்சிச்சாலையின் பின்புறம் என்று சில இடங்களில் மட்டும் பொதுமக்கள் நீர்வரைக்கும் போகலாம். மிகுதியில் பெரும்பகுதி தனியார் ஆதனம். 1888ல் தொடங்கப்பட்ட றோயல் சென் லோறன்ஸ் படகுக் கழகமும் இந்தக் கரையில்தான் இருக்கிறது. எதிரே தெரியும் டோர்வல் தீவு தனியொரு மாநகரசபை; பாலம் கிடையாது, கோடைகாலத்தில் வந்து போகிறவர்களே அதன் குடிகள்.

1988ல் நான் வந்திறங்கியது மிராபெல்லில். அந்நாட்களில் கடல்கடந்து வரும் விமானங்கள் அங்கேதான் இறங்கின. 1997ல்தான் அவை மீண்டும் டோர்வலுக்கு வந்தன. எனினும் என்னுடைய கனடிய வாழ்க்கை என்பது பெரும்பாலும் டோர்வல்தான். விமானங்களுக்கு உணவு பொதிசெய்யும் சமையற்கூடத்தில் இரவு வேலை, பின்னர் ஒரு சரக்குக் களஞ்சியம். பன்னிரண்டு ஆண்டுகளாக 20ஆம் இலக்கப் பெருந்தெருவுக்கு வடக்கே ஒரு மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் வீட்டில், எம்மவர் சொல்வதுபோல ‘பேஸ்மென்ற்’றில், குடியிருக்கிறேன். ஏரிக்கும் எனக்கும் இடையே ஒரு பெருந்தெருவும் புகையிரதப் பாதையும் நூற்றுக்கணக்கான வீடுகளும் இருக்கின்றன. என் வீடு எந்த வெள்ள அபாய வரைபடத்திலும் கிடையாது.

2024 ஓகஸ்ற் 9, வெள்ளிக்கிழமை, டெபி சூறாவளியின் எச்சம் மொன்றியலுக்கு மேலாகப் போனது. ஒரே நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இந்த நகரம் அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இப்படியொரு மழைநாள் இருக்கவில்லை என்றார்கள். ஏரி தன் கரையைத் தாண்டவில்லை. படகுக் கழகத்தின் புல்தரை மழையில் நனைந்ததோடு சரி. என் வீட்டிலோ பின்னேரம் ஐந்து மணியளவில் குளியலறைத் தரையின் வடிகால் ஓட்டை குமிழிவிடத் தொடங்கியது. ஏழு மணிக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். அதன் நிறத்தையும் மணத்தையும் விபரிக்கத் தேவையில்லை. கட்டிலும் மெத்தையும் போயின. அவற்றைவிட, எண்பதுகளின் இறுதியிலிருந்து நான் சேர்த்துவைத்திருந்த சிற்றிதழ்க் கட்டுகள் மூன்று பெட்டி, கீழ்த்தட்டில் இருந்தவை, கூழாகிப் போயின. கையெழுத்தில் எழுதிக் கல்லச்சுப்போலப் பிரதியெடுத்த இதழ்கள் பல அவற்றில் இருந்தன. வேறு எவரிடமும் பிரதி இருக்கிறதா என்பது ஐயமே.

இந்தச் சொந்த இழப்பை இங்கே சொல்வது அனுதாபத்துக்காக அல்ல. அன்றிலிருந்து ‘ஏரிக்கரைத் திட்டமிடல்’, ‘காலநிலை மாற்றத்துக்கு நகரத்தைத் தகவமைத்தல்’ என்ற தலைப்புகளில் கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். வாசித்ததில் ஒரு கேள்வி எழுந்தது. இவற்றில் கரை என்று சொல்லப்படுவது எது? நீரும் நிலமும் சந்திக்கும் இடமே கரை என்றால், அந்த வெள்ளிக்கிழமை டோர்வலின் கரை என் குளியலறைக்குள் இருந்தது. ஆனால் திட்டங்கள் பேசும் கரை வேறு. அது காட்சிக்குரிய கரை, ஆதனத்தின் கரை, வரி மதிப்பீட்டின் கரை.

டோர்வலைப் பற்றி ஒரு முரண்நகையையும் இங்கு குறிப்பிடவேண்டும். கனடா முழுவதற்கும் வானிலை எதிர்வுகூறும் கணிப்புகள் உருவாகும் கனடிய வானிலையியல் நிலையம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. நாட்டின் மிகப்பெரிய கணினிகள் சில, பெருந்தெரு ஓரத்துக் கட்டடமொன்றில் இரவு பகலாக வளிமண்டலத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றன. டெபி வருமென்று அவர்களுக்கு நாட்கணக்கில் முன்பே தெரியும், எங்களுக்கும் அறிவித்தார்கள். அறிவிப்பில் குறையில்லை. வருகிற நீர் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் வேறு. அதற்குக் கணினி தேவையில்லை. குழாயின் விட்டமும் நிலத்தின் விலையும் போதும்.

கியூபெக்கில் வெள்ளம் பற்றிய பொது விவாதம் 2017லும் 2019லும் வந்த வசந்தகால வெள்ளங்களோடு தொடங்கியது எனலாம். இரண்டு தடவையும் பனி உருகிய காலத்தில் ஒட்டாவா ஆறு பெருகி, மொன்றியல் தீவின் மேற்கிலும் வடக்கிலும் பியர்பொன், பிஸார் தீவு போன்ற இடங்களை மூழ்கடித்தது. 2019 ஏப்ரல் 27 அன்று தீவுக்கு வெளியே சென் மார்த் சுர் லு லாக் என்ற ஊரில் மண் அணை உடைந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இரவோடிரவாக வெளியேறினார்கள். அதே ஆண்டு யூலையில் மாகாண அரசு வெள்ளம் வந்த பகுதிகளில் புதிய கட்டடங்களுக்குத் தடை விதித்தது. பல ஆண்டு இழுபறியின் பின் 2025 யூனில் புதிய ஒழுங்குவிதிகள் வெளியாகின. 2026 மார்ச் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்டது. அபாயம் மிக உயர்ந்தது, உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது என நான்கு வகை வலயங்கள். எத்தனை வீடுகள் இவற்றுக்குள் வரும் என்பதில் முதலில் 77,000 என்றார்கள், பிறகு 35,000 என்றார்கள். இந்த எண் குறைந்த கதையை யாராவது விரிவாக எழுதினால் நல்லது.

இந்த ஒழுங்குவிதிகளை நான் முற்றாக நிராகரிக்கவில்லை. எமது நண்பர்களில் சிலர், வரைபடத்தில் அபாயக் கோடு வரைவதே மக்களை வெளியேற்றும் சூழ்ச்சி என்கிறார்கள். இடதுசாரி மொழியில் சொல்லப்படுவதால் இது இடதுசாரி நிலைப்பாடு ஆகிவிடாது. சென் மார்த்தில் நடந்தது என்ன? ஒரு மண் அணையை நம்பி வெள்ளச் சமவெளியில் வீடுகள் கட்ட அனுமதித்தார்கள். அணை நிற்கும் வரைக்கும் கோடு தேவையற்றதாகத் தோன்றியது. ஆற்றுக்குரிய நிலத்தை ஆற்றிடம் விட்டுவிடத்தான் வேண்டும். நெதர்லாந்தில் ‘ஆற்றுக்கு இடம்’ என்ற திட்டத்தின் கீழ் அணைகளை உயர்த்துவதற்குப் பதிலாகப் பின்னுக்கு நகர்த்தினார்கள். ஓவர்டீப் என்ற இடத்தில் வெள்ளம் விடப்படவிருந்த நிலத்தின் விவசாயிகளே, நாங்கள் மண்மேடுகள் அமைத்து அவற்றின்மேல் வீடும் பட்டியும் கட்டிக்கொள்கிறோம் என்று மாற்றுத் திட்டத்தை முன்வைத்தார்கள், அது ஏற்கப்பட்டது. எல்லோருக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. பாதிக்கு மேற்பட்ட பண்ணைகள் வெளியேற வேண்டித்தான் வந்தது. ஆயினும் கோடு வரையும் மேசையில் அந்த நிலத்தில் வாழ்கிறவர்கள் இருந்தார்கள் என்பது முக்கியமானது.

கியூபெக்கின் விவாதத்தில் எனக்குள்ள முரண்பாடு வேறு இடத்தில். மேசையில் இருப்பவர் யார்? வீட்டுச் சொந்தக்காரர், மாநகரசபை, வங்கி, காப்புறுதி. 2024 பெப்ரவரியில் டெஜார்டென் கூட்டுறவு வங்கிக் குழுமம் இருபது ஆண்டு வெள்ள வலயத்திலுள்ள வீடுகளுக்குப் புதிய அடைமானக் கடன் கொடுப்பதை நிறுத்தியது. உடனே எழுந்த கூக்குரல் முழுவதும் வீட்டின் பெறுமதி விழுகிறதே என்பதைப் பற்றியது. வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் போட்டவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே வீட்டில் வாடகைக்கு இருப்பவரைப் பற்றிய பேச்சு எங்கே? அவருக்கு விழுவதற்குப் பெறுமதி எதுவுமில்லை. எனவே கணக்கிலும் அவர் இல்லை. டெபியின் பின் காப்புறுதி நிறுவனங்களின் சங்கம், காப்புறுதி செய்யப்பட்ட இழப்பு மட்டும் ஏறத்தாழ 250 கோடி டொலர் என்றது. 1998ன் பனிமழைப் புயலையும் தாண்டிய தொகை. எனது மூன்று பெட்டிகள் இந்த 250 கோடிக்குள் இல்லை. வடிகால் திரும்பிப் பெருகுவதற்கான காப்புறுதி வழக்கமான ஒப்பந்தத்தில் வராது, மேலதிகப் பணம் கட்டிச் சேர்க்கவேண்டிய ஒன்று என்பதை நான் அதன் பின்னர்தான் அறிந்தேன்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2017, 2019 வெள்ளங்கள் ஆற்றிலிருந்து வந்தவை. 2024ல் வந்த வெள்ளம் மொன்றியலில் பெரும்பாலும் வானத்திலிருந்து குழாய்க்கு வந்து, குழாய் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்தது. ஆற்று வெள்ளத்துக்கு வரைபடம் உண்டு, ஒழுங்குவிதி உண்டு, அமைச்சர் படகில் வருவார். குழாய் வெள்ளத்துக்கு ஒரு முகம் கிடையாது. அது எந்த வீதியிலும் ஓடுவதாகத் தெரியாமல், பள்ளமான கட்டடங்களின் மிகக் கீழான தளத்தில், அதாவது மிகக் குறைந்த வாடகை உள்ள இடத்தில், மட்டும் வந்து நிற்கும்.

ஆறுகள் குழாய்களான வரலாறும் இந்தத் தீவுக்கு உண்டு. சென் பியர் என்றொரு ஆறு முன்னர் இங்கே ஓடியது. லாஷீன் கால்வாய், புகையிரத நிலையங்கள், தொழிற்சாலைகள் என்று ஒவ்வொன்றாக வர அது புதைக்கப்பட்டுக் கழிவுநீர்ச் சாக்கடையாகியது. ஒரு கொல்ஃப் மைதானத்தில் எஞ்சியிருந்த சுமார் இருநூறு மீற்றரும் அசுத்தம் என்ற காரணத்தால் நீதிமன்றம் வரை இழுபட்டது. 1825ல் திறந்த அந்தக் கால்வாய் 1970ல் கப்பல்களுக்கு மூடப்பட்டு, 2002ல் உல்லாசப் படகுகளுக்காக மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வேலையிழந்த தொழிலாளர்களின் குடியிருப்புகள் இருந்த கரையில் இன்று கண்ணாடி யன்னல் வைத்த அடுக்குமாடிகள். நீர் அழுக்காக இருந்தவரை அதன் ஓரம் தொழிலாளிக்கு. நீர் தெளிந்ததும் விலை ஏறிவிட்டது.

டோர்வலுக்கும் இப்படி ஓர் ஓடை உண்டு. பூஷார் ஓடை என்று பெயர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே நிலம் வாங்கிய பூஷார் டோர்வல் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரில் பாதியை நகரமும் பாதியை ஓடையும் எடுத்துக்கொண்டன. விமான நிலையப் பக்கமிருந்து வந்து, சில இடங்களில் திறந்தும் சில இடங்களில் மதகுக்குள்ளும் ஓடி ஏரியில் விழுகிறது. குளிர்காலத்தில் விமானச் சிறகுகளின் பனியை உருக்கத் தெளிக்கும் திரவம் அதில் கலக்கிறது என்ற முறைப்பாடு நெடுநாளையது. ஓடு பாதைகளும் களஞ்சியங்களும் வாகனத் தரிப்பிடங்களும் என்று விமான நிலையம் ஒரு பெரும் கொங்கிறீற் தட்டு. அதில் விழும் மழை உடனே கீழ்நோக்கி ஓடும். அதன் வடக்கே எஞ்சியிருக்கும் சதுப்பு நிலமும் பற்றைக்காடும்தான் கொஞ்சமாவது உறிஞ்சுகின்றன. 2021ல் அந்தப் பற்றை நிலத்தில் முகக்கவச உற்பத்தித் தொழிற்சாலையொன்றைக் கட்டும் திட்டம் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் வண்ணத்துப்பூச்சிக்காகவும் பறவைகளுக்காகவும் எதிர்த்தார்கள். நல்லது. எங்கள் நிலக்கீழ் வீடுகளுக்கும் அந்த நிலத்துக்கும் உள்ள உறவை எவரும் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை, நாங்களும் பேசவில்லை. அந்த நேரம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நிலம் மத்திய அரசுடையது, அதில் மாநகரசபையின் விதி செல்லாது. பெரிய கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பும் முழுத் தீவுக்குமான கூட்டுச் சபையின் பொறுப்பு. வீதியிலுள்ள சிறு குழாய் டோர்வலின் பொறுப்பு. 2002ல் மொன்றியலோடு இணைக்கப்பட்டு, 2004ல் வாக்கெடுப்பு வைத்து, 2006ல் பிரிந்துவந்த நகரம் இது. தனித்துவம் என்ற பெயரில் பிரிந்தார்கள். நீருக்கு அந்த எல்லை தெரியவில்லை.

ஏரியின் மட்டமே ஓர் அரசியல் என்பதையும் இங்கு சேர்த்துச் சொல்லவேண்டும். சென் லூயி ஏரிக்கு ஒட்டாவா ஆற்றிலிருந்தும் ஒன்ராறியோ ஏரியிலிருந்தும் நீர் வருகிறது. பின்னதை மோசஸ்-சோண்டேர்ஸ் அணை கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த கூட்டு ஆணைக்குழுவின் ‘திட்டம் 2014’ என்ற விதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒட்டாவா ஆறு பெருகும்போது எங்கள் ஏரியின் மட்டம் புவான் கிளேர் அளவுகோலில் குறிப்பிட்ட எல்லையை, மிக மோசமான நிலையில் 22.48 மீற்றரை, தாண்டாதபடி அணையில் நீரை மறிப்பார்கள். மறித்த நீர் மேலே ஒன்ராறியோ ஏரியின் கரைகளில் ஏறும். 2017லும் 2019லும் அங்குள்ள அமெரிக்க வீட்டுக்காரர்கள் ஆத்திரப்பட்டார்கள், நியூயோர்க் மாநிலம் வழக்கே போட்டது. ஒரு கரை காய்வதற்கு இன்னொரு கரை நனையவேண்டும் என்பது இங்கு எழுதப்பட்ட விதி. எந்தக் கரை என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழு இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது, வழக்குப்போட நீதிமன்றம் இருக்கிறது. இதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஏனென்றால் இவை எதுவுமில்லாமல் கோடு வரையப்பட்ட ஒரு கரையை எமக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்குள் கொழும்பு அரசு கரையோரத்தில் மீளக் குடியேறத் தடைசெய்யும் இடைவலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கிழக்கின் தட்டையான கரையில் அலை கூடுதல் தூரம் உள்ளே வந்தது என்று இதற்கு நியாயம் சொல்லலாம். ஆனால் கரை எங்கும் ஒரே தட்டையில்லை, தெற்கிலும் தட்டையான இடங்கள் உண்டு. அளவு மாறியது மாகாண எல்லையில். உல்லாச விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கரைவலைப் பாடும் வாடியும் வள்ளமும் கரையில் இருக்க, மீனவன் மாத்திரம் இருநூறு மீற்றருக்கு அப்பால் போகவேண்டும். சுற்றுலாப் பயணி கடலைப் பார்த்தபடி இருக்கலாம். கடுமையான எதிர்ப்பின் பின் அந்த ஆண்டு இறுதிக்குள் விதி தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் காணி கைமாறிய இடங்களும், தற்காலிகக் கொட்டிலில் ஒரு வருடம் வீணாகிய குடும்பங்களும் எந்தத் தளர்வினாலும் மீளவில்லை.

வடக்கில் வேறொரு கோடு ஏற்கெனவே இருந்தது. மயிலிட்டித் துறைமுகம் 1990லிருந்து 2017 யூலை வரை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. இருபத்தேழு ஆண்டுகள். அலைக்கான கோடும் துப்பாக்கிக்கான கோடும் வேறு வேறு நியாயங்களில் பிறந்தவை. இரண்டிலும் கடலோடு வாழ்ந்தவனே முதலில் அகற்றப்பட்டான்.

கொழும்பைப் பார்த்தால் விடயம் இன்னும் சிக்கலாகிறது. 2010ல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், சதுப்பு நிலத்தை ஏரியாக்கி நடுவில் கட்டிய பாராளுமன்றம் வெள்ளத்தில் மூழ்கியது. சேரிகளை மூழ்கடித்தபோது கேட்காத காதுகளுக்கு இது கேட்டது. உலக வங்கிக் கடனோடு வெள்ளத் தடுப்பும் சதுப்பு நிலப் பாதுகாப்பும் தொடங்கின. 2018ல் கொழும்பு ராம்சார் சதுப்புநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. சதுப்பு நிலங்கள் மழையைத் தாங்கி நகரத்தைக் காக்கின்றன என்ற உண்மையை ஆவணங்களில் ஏற்றியது பெரிய காரியம்தான். ஆனால் அதே ஆண்டுகளில் கால்வாய்க் கரைகளில் இருந்தவர்கள் ‘அழகுபடுத்தல்’ என்ற பெயரில் அடுக்குமாடிகளுக்கு ஏற்றப்பட்டார்கள், காலிமுகத் திடலுக்கு அருகே 269 ஹெக்டெயர் கடல் நிரப்பப்பட்டுத் துறைமுக நகரம் எழுந்தது. கடல் உயர்கிறது என்பதால் ஏழையைக் கரையிலிருந்து அகற்றும் அரசு, கடலுக்குள்ளேயே புதுக் கரை உண்டாக்கி விற்கிறது. சென்னையிலும் கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்களை வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லிப் பள்ளிக்கரணைச் சதுப்பின் பக்கமாகப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கும் வெள்ளம் வருகிறது.

டோர்வலை இவற்றோடு ஒப்பிடுவது மிகை என்று சொல்வீர்கள். இங்கே துப்பாக்கி இல்லை. ஆனால் ஏரிக்கு அப்பால் பாருங்கள். தென்கிழக்கே கானவாகே, மோஹோக் மக்களின் ஊர். 1860ல் ஹட்சன் பே கம்பனியின் ஆளுநர் ஜோர்ஜ் சிம்ப்சன், வேல்ஸ் இளவரசரை டோர்வல் தீவிலுள்ள தன் மாளிகைக்கு அழைத்தபோது, காட்சிக்காகத் தோணி வலித்தவர்கள் அந்த மக்கள். ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, 1950களில், சென் லோறன்ஸ் கடல்வழிக்காகக் கப்பற் கால்வாய் வெட்டியபோது அவர்களுடைய 1,200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பறிக்கப்பட்டது. ஆற்றைப் பார்த்தபடி இருந்த ஊருக்கும் ஆற்றுக்கும் இடையே கால்வாயும் தோண்டிய மண்ணின் மேடும் வந்தன. 1959ல் மகாராணி வந்து திறந்துவைத்தார். டோர்வலின் கரையும் கானவாகேயின் கரையும் அதே நீரின் கரைகள்தான். ஒன்றில் படகுக் கழகம் நிலைத்தது, மற்றையதில் மீன்பிடியும் நீச்சலும் அற்றுப்போயின. அண்மை ஆண்டுகளில் அந்த மக்களே, தோண்டிய மண்ணால் உருவான தெக்கக்வித்தா தீவையும் அதன் குடாவையும் மீட்டெடுக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். நீரோட்டத்தைத் திருப்பி, மீன் முட்டையிடும் இடம் அமைத்து, சதுப்பை மீள வளர்க்கிறார்கள். ‘ஏரிக்கரைத் திட்டமிடல்’ என்ற சொல்லுக்கு இந்தப் பிரதேசத்தில் நான் கண்ட மிக நேர்மையான எடுத்துக்காட்டு அதுதான். எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மொன்றியல் மாநகரசபை சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மழைநீரைத் தேக்கி மெல்ல நிலத்துக்குள் விடும் ‘பஞ்சுப் பூங்கா’க்களும் நடைபாதைகளும் அமைக்கிறார்கள். 2022ல் பிளாத்தோவில் திறந்த சிறு சதுக்கமொன்று மழைக்காலத்தில் குளமாகும்படியே வடிவமைக்கப்பட்டது. எம்மவர் நெடுங்காலம் வாழ்ந்த பார்க் எக்ஸ்ரென்சனிலும் இவ்வாறான பூங்கா ஒன்று வந்திருக்கிறது. நல்ல வேலை. 2018 கோடை வெப்ப அலையில் மொன்றியலில் 66 பேர் இறந்தார்கள். மரமில்லாத அந்த வீதிகளுக்கு நிழலும் நீரும் வந்தே ஆகவேண்டும். ஆனால் 2019ல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் பக்கத்தில் திறக்கப்பட்ட நாளிலிருந்து அங்கே வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. பூங்காவின் மரம் வளர்ந்து நிழல் தரும்போது, வெக்கையில் அவிந்த குடும்பம் அதே வீதியில் இருக்குமா? பூங்காவுக்கு வரைபடம் போடுகிறவர் வாடகைக் கட்டுப்பாட்டைத் தன் பாடமாகக் கருதுவதில்லை. இதுதான் என் விமர்சனத்தின் மையம். நீரைத் தேக்கும் பொறியியல் இருக்கிறது. மனிதரை அதே இடத்தில் தேக்கிவைக்கும் சட்டம் அந்தப் பொறியியலின் பகுதியாக இல்லாதவரை, ஒவ்வொரு தகவமைப்பும் அடுத்த வெளியேற்றத்துக்கான முன்பணமாகவே முடியும்.

எமது சமூகத்தைப் பற்றி. பின்னால் சொல்கிறேன் என்றேன். நாங்கள் வீடு வாங்கிக்கொண்டிருந்தோம். வாங்கிய வீட்டின் பேஸ்மென்ற்றை இன்னொரு அகதிக்கு வாடகைக்கு விட்டு அடைமானம் கட்டினோம். அதற்கு வெளியே போகும் கதவு இருக்கிறதா, வடிகாலில் தடுப்பு இருக்கிறதா என்று கேட்டவர்கள் குறைவு. எனது வீட்டுக்காரரும் எம்மவரே. நல்ல மனிதர், என் பெட்டிகளைத் தூக்க அவரும் வந்து நின்றார். ஊரிலோ, இங்கிருந்து போன காசு வெள்ளவாய்க்கால்களின்மேல் மதிலாக எழும்பியது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. குளமும் கேணியும் துரவும் வெள்ளவாய்க்காலும்தான் மழையை நிலத்தடிச் சுண்ணக்கல்லுக்குள் இறக்கிக் கிணற்றைக் காத்தவை. அவற்றைத் தூர்த்துக் கட்டிய மண்டபங்களின் கல்வெட்டில் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் என்று எழுதியிருக்கும். நகரின் குப்பை போய்ச்சேரும் கல்லுண்டாய் வெளியின் ஓரத்தில் காணியற்றவர்களைக் குடியேற்றினார்கள். மாரியில் அங்கே வெள்ளம் நிற்கிறது. அந்தக் காணியற்றவர்கள் எந்தச் சாதியினர் என்று கேட்டால் கூட்டத்தில் பேச்சு மாறிவிடும். பள்ளக்காணி யாருக்கு, மேட்டுக்காணி யாருக்கு என்ற வரைபடம் எங்களிடம் காலநிலை மாற்றத்துக்கு வெகு முன்பே இருந்தது. அதை மாற்றாமல் குளக்கரையில் நடைபாதையும் மின்விளக்கும் போடுவதை நகரத் திட்டமிடல் என்று கொண்டாடுகிறோம்.

சென்ற வருடம் டோர்வலில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். ஏரிக்கரையில் எந்த வகை மரம், எந்த வகை இருக்கை என்று இருபது நிமிடம் பேசினார்கள். என் முறை வந்தபோது, பெருந்தெருவுக்கு வடக்கே நிலக்கீழ் வீடுகளில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கு இருக்கிறதா என்று எனது உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். மரியாதையாகக் குறித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர், தானும் வாடகை வீடுதான், தனக்கும் அன்று தண்ணீர் வந்தது என்று காதோடு சொன்னார். நாங்கள் இருவரும் தொலைபேசி இலக்கம் மாற்றிக்கொண்டோம். இதுவரை எங்கள் பட்டியலில் பதினொரு வீடுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் மூன்று தமிழ்க் குடும்பங்கள், இரண்டு பிலிப்பைன்ஸ்காரர், ஒருவர் ஹெயிட்டியிலிருந்து வந்தவர்.

இந்த வசந்தத்தில் வீட்டுக்காரர் என் வடிகாலில், நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பூட்டுவித்தார். ஒரு நாள் வேலை, தரையை உடைத்து மூடினார்கள். யூலை முதலாம் திகதியிலிருந்து வாடகை மாதம் 60 டொலர் கூடுகிறது. கடிதத்தில் காரணம் ‘கட்டடத் திருத்தம்’ என்று இருக்கிறது. மறுத்துப் பதில் எழுத ஒரு மாதம் தவணை. பட்டியலில் உள்ள மற்றைய பத்து வீடுகளுக்கும் என்ன கடிதம் வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.